அரசனுக்கு ‘ஆல்’, தச்சனுக்கு ‘இல்’: பேட்மேனா எக்ஸ்-மென்னா என்ற வழக்கில் விடுபட்ட கைகள்

1992 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் கிட்ஸ் அலைவரிசையில் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அதே அலைவரிசையில் ‘எக்ஸ்-மென்’ தொடங்கியது. இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு முப்பது ஆண்டுகளைக் கடந்தும் தீர்ப்பின்றி நடந்துகொண்டிருக்கிறது. 1994இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்’ மூன்றாம் தரப்பாகச் சேர்ந்துகொண்டது. அன்று பள்ளிப் பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்தவர்கள் இன்று நாற்பதை நெருங்கியும் தாண்டியும் நிற்கிறார்கள். வாதங்கள் மட்டும் அந்த வயதிலேயே நின்றுவிட்டன.

பேட்மேன் தரப்பு வைக்கும் சான்றுகள் எல்லோரும் அறிந்தவை. எரிக் ரடோம்ஸ்கி கறுப்புத் தாளின்மீது வரையவைத்த இருண்ட நகரம். புரூஸ் டிம்மின் கோணங்களாலான உருவங்கள். ஷர்லி வாக்கரின் இசை. கெவின் கான்ராயின் இரட்டைக் குரல். இவற்றுக்கெல்லாம் மேலாக, பனிக்கட்டித் துப்பாக்கி ஏந்திய ஒரு கோமாளி வில்லனை, உறைநிலையில் கிடக்கும் மனைவிக்காக ஏங்கும் கணவனாக மாற்றிய ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’. எக்ஸ்-மென் தரப்பின் சான்றுகளும் வலியவை. சனிக்கிழமைக் காலையில் குழந்தைகளுக்கு ஒரு தொடர்கதையைச் சொல்லும் துணிவு. முதல் கதையிலேயே ஒரு தோழனைப் பலிகொடுத்து, இன்னொருவனைச் சிறையில் வைத்துவிட்டு நகரும் கடுமை. பிறப்பால் வேறுபட்டவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கத் துடிக்கும் அரசு. வெறுப்பையே கொள்கையாக்கிய அமைப்புகள். ஒன்று தனித்தனிச் சிறுகதைகளின் தொகுப்பு, மற்றொன்று நெடுங்கதை. எது சிறந்தது என்று விவாதிப்பதில் பிழையொன்றுமில்லை. ஒரு கலை வடிவத்தை மதிப்பவர்களே அதைப் பற்றிச் சண்டையிடுவார்கள்.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் முரண்படும் இத்தரப்புகள் ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் கைகுலுக்கிக்கொள்கின்றன: “கதை நன்றாகத்தான் இருந்தது, அனிமேஷன் கொரியாவில் கெட்டுப்போனது.” எக்ஸ்-மென் ரசிகர் இதைத் தற்காப்பாகச் சொல்கிறார். பேட்மேன் ரசிகர், தன் தொடரின் பலவீனமான அத்தியாயங்களைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்கிறார். எக்ஸ்-மென்னின் கடைசிச் சில அத்தியாயங்கள் பிலிப்பைன்ஸுக்குக் கைமாறியபோது வாக்கியம் மாறவில்லை; நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. முப்பது ஆண்டுகளாக எவரும் குறுக்கு விசாரணை செய்யாத சாட்சியம் இது ஒன்றுதான். அதனாலேயே அதை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரணையை இலக்கணத்திலிருந்து தொடங்கலாம். பாராட்டும்போது ரசிகர்கள் எழுதும் ஆங்கிலத் தொடர்களைத் தமிழில் வைத்துப் பார்த்தால் அவை மூன்றாம் வேற்றுமையில் அமைகின்றன: டிம்மால் உருவாக்கப்பட்டது, பால் டீனியால் எழுதப்பட்டது, ஆண்ட்ரியா ரொமானோவால் குரல் இயக்கம் செய்யப்பட்டது. குறை சொல்லும்போது அதே எழுத்து சட்டென்று ஏழாம் வேற்றுமைக்குத் தாவுகிறது: கொரியாவில் வரையப்பட்டது, மணிலாவில் முடிக்கப்பட்டது. பாராட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். பழியில் ஆட்களே இல்லை, ஊர் மட்டும் இருக்கிறது. யாரோ தாளைக் கிழித்ததைப் போலல்லாமல், மழையில் நனைந்ததைப் போலப் படம் கெட்டுப்போகிறது.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் ரசிகர்களைவிட நேர்மையானது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை அது இரண்டாகப் பிரிக்கிறது: ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவியவன். தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றியவன். அரசன் உளி பிடிக்கவில்லை என்பது இலக்கணக்காரருக்குத் தெரியும். அரசனின் ஆணையின்றித் தச்சன் தொடங்கியிருக்கமாட்டான் என்பதும் தெரியும். தெரிந்தே இருவருக்கும் ஒரே உருபைக் கொடுத்தார்கள். ஏவியவனும் ‘ஆல்’, இயற்றியவனும் ‘ஆல்’. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்யப்படும் இந்தப் பாகுபாட்டுக்குள் உழைப்பைப் பற்றிய ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. சூப்பர் ஹீரோ ரசிகர்களின் தீர்ப்பிலோ அரசனுக்கு மட்டுமே ‘ஆல்’ கிடைக்கிறது. தச்சனுக்குக் கிடைப்பது ‘இல்’.

இயற்றியவர்கள் உண்மையில் செய்தது என்ன? அக்காலத்தில் ஓர் அத்தியாயத்தின் கதைவசனம், குரல்பதிவு, காட்சிப் படவரிசை, உருவங்களின் மாதிரித் தாள்கள், எந்த அசைவுக்கு எத்தனை சட்டகம் என்ற நேரக் குறிப்பு ஆகியவை வட அமெரிக்காவில் தயாராயின. அக்கட்டு பசிபிக் கடலைக் கடந்து ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ சென்றது. முதன்மைச் சட்டகங்களை வரைவது, அவற்றுக்கு இடைப்பட்ட சட்டகங்களை நிரப்புவது, ஒளி ஊடுருவும் தாள்களில் மையிட்டு வண்ணம் தீட்டுவது, ஒவ்வொன்றாகக் கேமராவின் கீழ் வைத்துப் பதிவது எல்லாம் அங்கே நடந்தன. ஓர் அத்தியாயம் ஏறத்தாழ 22 நிமிடம், அதாவது 1,320 வினாடி. வினாடிக்கு 24 சட்டகம் என்றால் 31,680 சட்டகங்கள். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி வைக்கும் சிக்கன முறையைக் கொண்டாலும் 15,840 ஓவியங்கள். அசையாத காட்சிகளையும் மீண்டும் பயன்படுத்தும் ஓவியங்களையும் கழித்தாலும் மிஞ்சுவது ஆயிரக்கணக்கில் இருக்கும். அது ஓர் அத்தியாயத்துக்கு மட்டும். பேட்மேனின் முதல் ஒப்பந்தம் 65 அத்தியாயங்கள். எக்ஸ்-மென் மொத்தம் 76. இந்தக் குவியலைத்தான் ‘கொரியாவில்’ என்ற ஒரு சொல் விழுங்கிவிடுகிறது.

இனி ‘கெட்டுப்போனது’ என்ற வினையைப் பார்க்கலாம். எக்ஸ்-மென்னின் பெரும்பகுதியை வரைந்தது சியோலின் ஏகாம் நிறுவனம். அதன் குறைகள் மறைக்கத் தக்கவை அல்ல. முதல் கதை முதலில் ஒளிபரப்பானபோதே பிழைகள் வெளிப்படையாகத் தெரிந்தன. பின்னர் திருத்தி மீண்டும் காட்டவேண்டியிருந்தது. பேட்மேனின் சில அத்தியாயங்களையும் ஏகாம் வரைந்தது. தரம் போதாதென்று அக்குழு அதைக் கைவிட்டது. ரசிகர்கள் இதோடு வழக்கை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இதே ஏகாம்தான் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் தொடக்க காலத்திலிருந்து அதன் அத்தியாயங்களை வரைந்துவந்தது. தொலைக்காட்சி வரலாற்றின் உச்சங்கள் என்று இதே ரசிகர்கள் வணங்கும் அத்தியாயங்கள் பல அதே நிறுவனத்தின் மேசைகளிலிருந்து வந்தவை. அதன் நிறுவனர் நெல்சன் ஷின், 1977இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒளிவாள்களுக்கு ஒளி ஏற்றியவர். 1986இன் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ திரைப்படத்தை இயக்கியவர். கைகளுக்குத் திறமை இல்லை என்ற விளக்கம் இங்கேயே உடைகிறது. ஒரே கூரையின் கீழ் ஒரு தொடர் செம்மையாகவும் மற்றொன்று தடுமாற்றமாகவும் வருமானால், காரணம் கூரைக்கு வெளியே இருக்கவேண்டும்.

அக்காரணத்தின் ஒரு பகுதி மாதிரித் தாளிலேயே தெரிகிறது. டிம்மின் பேட்மேன் மிகச் சில கோடுகளால் ஆனவன்: ஒரு தாடை, இரண்டு காது முனைகள், ஒரு மேலங்கி. கோடு குறைந்தால் ஆயிரமாவது முறை வரையும் கையும் தடுமாறாது என்ற கணக்கு அந்த எளிமைக்குள் இருந்தது. கடலுக்கு அப்பால் அமர்ந்திருக்கும் முகம் தெரியாத ஓவியரை எண்ணிச் செய்த வடிவமைப்பு அது. எக்ஸ்-மென்னின் உருவங்கள் ஜிம் லீ காமிக்ஸ் பக்கங்களில் வரைந்த தோற்றத்தைத் தழுவியவை. வார்ப்பட்டைகள், இடைப்பைகள், தசைமடிப்புகள், கூந்தல் கற்றைகள் எல்லாம் உண்டு. ஒரு பக்கத்தில் ஆறு சட்டங்கள் வரையும் காமிக்ஸ் ஓவியருக்கு அது அணிகலன். வினாடிக்குப் பன்னிரண்டு முறை வரைபவருக்கு அது தண்டனை. அப்படிப்பட்ட பத்துப் பேர் ஒரே காட்சியில் ஓடவும் வேண்டும். ரசிகர்களின் அன்பைக் காப்பாற்றிக்கொள்ளக் காமிக்ஸ் தோற்றத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவில் எடுத்த முடிவு. அதை எத்தனை வாரத்தில், எவ்வளவு பணத்துக்கு முடிக்கவேண்டும் என்பதும் அங்கே எடுத்த முடிவுதான். விலை மட்டும் சியோலின் கணக்கில் எழுதப்பட்டது.

இதற்கு ரசிகர்களிடம் ஆயத்தமான மறுமொழி ஒன்று உண்டு: “ஜப்பானியர் வரைந்தால் மட்டும் எப்படி நன்றாக வந்தது?” வந்தது, மறுப்பதற்கில்லை. பேட்மேனின் தொடக்கக் காட்சியை வரைந்தது டோக்கியோவின் டிஎம்எஸ். 1988இன் ‘அகிரா’வுக்கு உயிரூட்டிய நிறுவனம். ‘ஃபீட் ஆஃப் கிளே’ இரண்டாம் பகுதியில் களிமண் மனிதன் தன் கட்டுப்பாட்டை இழந்து, தான் நடித்த முகங்களெல்லாம் தன் உடம்பிலேயே பொங்கி உருகி வழிய நிற்கும் காட்சியும் அவர்கள் வரைந்ததே. இனி, அதே டிஎம்எஸ் வரைந்த இன்னொரு தொடரைப் பார்க்கவேண்டும். அது 1994இன் ‘ஸ்பைடர்-மேன்’. ஒரே ஊசலாட்டக் காட்சி எத்தனை அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணி எள்ளி நகையாடுபவர்கள் இதே ரசிகர்கள்தான். குருதி குடிக்கும் மார்பியஸ் என்ற பாத்திரம் அத்தொடரில் ‘பிளாஸ்மா’ என்ற சொல்லோடு நின்று, உள்ளங்கை வழியாக அதை உறிஞ்சவேண்டியிருந்தது. தணிக்கை அவ்வளவு இறுக்கம். அதே நிறுவனம், அதே நகரம், ஒரு பக்கம் களிமண் மனிதன், மறுபக்கம் மறுபயன்பாட்டு ஊசலாட்டம். தரம் தேசத்தின் இரத்தத்தில் ஓடுவதாக இருந்தால் இது எப்படி நடக்கும்? தரம் நேரத்திலும் பணத்திலும் விதிகளிலும் ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை.

தேர்ந்த ரசிகர்கள் இன்னொரு மறுப்பை எழுப்புவார்கள். எந்த அத்தியாயத்தை எந்த ஸ்டூடியோ வரைந்தது என்று தங்களுக்குத் தெரியும், பட்டியலே வைத்திருக்கிறோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்பட்டியல்களில் ஸ்டூடியோக்கள் அரிசி ரகங்களைப்போலத் தரம் பிரிக்கப்படுகின்றன: இது முதல் தரம், இது கலப்படம். ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அத்தியாயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எழுதிய டீனியையும் இயக்கிய டிம்மையும் தவறாமல் சொல்கிறார்கள். எழுத்துக்காக அதற்கு எம்மி விருது கிடைத்ததையும் சொல்கிறார்கள். கண்ணாடிக் கவசத்துக்குள் அசையாத முகத்தோடு நிற்கும் ஒருவனைப் பார்த்து மனம் கசியும்படி வரைந்தது ஸ்பெக்ட்ரம் என்ற ஜப்பானிய ஸ்டூடியோ. அது இன்று இல்லை. அங்கே வரைந்தவர்களில் ஒருவரின் பெயரையாவது சொல்லக்கூடிய ரசிகர் அரிது. முதல் தரம் என்று முத்திரை குத்தியதாலும் ஆள் கிடைத்துவிடவில்லை; ஊர்ப்பெயருக்குப் பதில் நிறுவனப்பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

மூன்றாவது மறுப்பே வலியது. இயக்குநரும் எழுத்தாளரும் சிந்திப்பவர்கள். வரைபவர் சொன்னதைச் செய்பவர். சிந்தனைக்கே பெயர் சேரவேண்டும் என்பது அது. இதற்கு விடையை ரசிகர்களின் சொந்த வழக்கத்திலிருந்தே எடுக்கலாம். கெவின் கான்ராய் 2022 நவம்பரில் மறைந்தபோது உலகெங்கும் கண்ணீர் பெருகியது. அவர் வசனத்தை எழுதியவரல்லர், எழுதிக் கொடுத்ததைப் பேசியவர். ஆயினும் ஒரே மனிதனுக்குள் இருக்கும் செல்வந்தனையும் இரவு வேட்டையாளனையும் இரண்டு குரல்களாகப் பிரித்தது அவர் படைப்பு என்று எல்லோரும் ஏற்கிறார்கள். மார்க் ஹாமிலின் சிரிப்பு எந்தக் கதைவசனத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையும் ஏற்கிறார்கள். அப்படியானால் அக்குரலுக்கு ஏற்பத் தோள் எப்போது தாழவேண்டும், கண் எந்தச் சட்டகத்தில் சுருங்கவேண்டும், மேலங்கி எவ்வளவு நேரம் காற்றில் நிற்கவேண்டும் என்று முடிவுசெய்த கையும் நடித்ததுதானே? பேட்மேனின் குரல் நடிகருக்கு ‘ஆல்’ கொடுத்தவர்கள், அவன் உடல் நடிகருக்கு ஏன் மறுக்கிறார்கள்? குரலுக்கு முகம் தெரியும், அவர் விழாக்களுக்கு வருவார், கையொப்பமிடுவார் என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

பழங்காலக் கார்ட்டூன்களைப் பற்றிய இந்தச் சொற்பிழையால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் ‘எக்ஸ்-மென் ’97’ வந்தது. பழைய தொடரின் ஆன்மா திரும்பிவிட்டது, அனிமேஷனும் இம்முறை மெய்சிலிர்க்க வைக்கிறது என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். அதை வரைவதில் முன்னின்றது ஸ்டூடியோ மிர், இருப்பிடம் சியோல். முப்பது ஆண்டுகள் எந்த ஊரின்மேல் பழி கிடந்ததோ அதே ஊர். பழைய வாக்கியத்தை அன்று யாராவது திரும்பப் பெற்றார்களா? நன்றாக வந்ததும் ‘கொரியாவில்’ என்ற சொல் பலர் வாயிலிருந்து உதிர்ந்துபோனதுதான் மிச்சம்.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. வட கொரியாவை ஆராயும் ‘38 நார்த்’ என்ற ஆய்வுத்தளம், அந்நாட்டின் இணைய முகவரியிலுள்ள ஒரு சேவையகத்தில் அனிமேஷன் கோப்புகள் பாதுகாப்பின்றிக் கிடந்ததை வெளியிட்டது. அமெரிக்கச் சூப்பர் ஹீரோ தொடரான ‘இன்வின்சிபிள்’ தொடர்பான கோப்புகளும் அவற்றில் இருந்தன. திருத்தக் குறிப்புகள் சீன மொழியிலும் அவற்றின் மொழிபெயர்ப்பு கொரிய மொழியிலும் இருந்தன. அமெரிக்க நிறுவனங்களுக்கு இது தெரிந்திருந்ததற்குச் சான்றில்லை என்று அவ்வறிக்கையே சொன்னது. ஒப்பந்தம் துணை ஒப்பந்தமாகவும், அது இன்னொரு துணை ஒப்பந்தமாகவும் கைமாறியிருக்கக்கூடும். தெரியாது என்பதை அப்படியே நம்பலாம். கொடுமை அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. தொழிற்சங்கமோ வெளியேறும் உரிமையோ இல்லாத ஒரு நாட்டில் ஒருவர் மேசையில் குனிந்து ஒரு சூப்பர் ஹீரோவின் கையை வரைந்திருக்கலாம். அந்த ஹீரோவை உலகுக்கு அளிக்கும் நிறுவனத்துக்கு அப்படியொருவர் இருக்கிறார் என்பதே தெரியாமலும் இருக்கலாம். ‘யாரால்’ என்ற கேள்வியை ஒரு தொழிலே முப்பது ஆண்டுகள் கேட்காமல் இருந்தால், ஒருநாள் கேட்டாலும் விடை கிடைக்காத நிலை வரும். அந்நிலை வந்துவிட்டது.

இப்போது எந்திரக் கற்றல் கருவிகள் வந்து நிற்கின்றன. இடைச்சட்டகங்களை எந்திரம் நிரப்பட்டும், அது படைப்பு வேலை இல்லையே என்ற குரல் ரசிகர்களிடையேயும் கேட்கிறது. அக்குரலுக்கு அடித்தளம் இட்டது பழைய வாக்கியமே. கை என்றுமே ஆளாகக் கருதப்படவில்லையென்றால், அதை நீக்குவதில் இழப்பு எதுவும் தெரியாது.

இந்திய ரசிகர்கள் இவ்வாக்கியத்தைச் சொல்லும்போது இன்னொரு நகைமுரண் சேர்ந்துகொள்கிறது. 2008-09இல் வந்த ‘வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்’ தொடரின் உருவாக்கத்தில் திருவனந்தபுரத்தின் டூன்ஸ் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டுத் தொடர்களுக்குச் சட்டகம் நிரப்பும் வேலை இந்திய நகரங்களுக்கும் வந்து நெடுநாளாகிறது. ‘கொரியாவில் கெட்டது’ என்று இங்கிருந்து எழுதுபவரின் தெருவிலேயே, நாளை ‘இந்தியாவில் கெட்டது’ என்ற வாக்கியத்துக்குள் காணாமல்போகப் போகிறவர் ஒருவர் குடியிருக்கலாம். அவர் இரவு முழுதும் விழித்து வரைந்ததை அவர் பிள்ளைகூட அடையாளம் காண வழியிருக்காது.

ரசிகர்கள் சண்டையை நிறுத்தவேண்டியதில்லை. பேட்மேன் உயர்ந்ததா எக்ஸ்-மென் உயர்ந்ததா என்று இன்னும் முப்பது ஆண்டுகள் வாதாடட்டும். கேட்கப்படுவது மிகச் சிறிய நாகரிகம். ஓர் அத்தியாயத்தைப் புகழும்போது எழுதியவர், இயக்கியவர் பெயர்களோடு வரைந்த ஸ்டூடியோவின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். கிடைக்கும் இடங்களில் முடிவுப் பட்டியலை நிறுத்தி, வரைந்தவர்களின் பெயர்களை எடுத்து எழுதட்டும். ஓர் அத்தியாயத்தைக் குறை சொல்லும்போது மாதிரித் தாளை வடிவமைத்தது யார், கெடுவை வைத்தது யார், பணத்தைக் குறைத்தது யார் என்று கேட்கட்டும். பழியையும் அரசனோடு பங்கிடட்டும். ரசிகர்களிடம் இதற்கான உழைப்பும் நினைவாற்றலும் ஏராளமாக உண்டு. வில்லனின் கையுறை எந்த அத்தியாயத்தில் நிறம் மாறியது என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அந்தக் கையுறைக்கு வண்ணம் தீட்டிய கை யாருடையது என்று தேடுவது அவர்களுக்கு இயலாத காரியமன்று.